கணவர் கப்பலில், வைப்புநிதி மனைவி பெயரில்: இரண்டு நாட்டுக் குடும்பமும் வருமான வரியும்

வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி கடலடி மண். 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுகத்துக்கு ஆழம் வேண்டிக் காயலைத் தூர்வாரினார். அள்ளிய மண்ணை வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டித் தரையாக்கினார். அவரை அனுப்பிவைத்த சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் பிரபுவின் பெயரே தீவுக்கு நிலைத்தது. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து இந்த இடத்தின் பிழைப்பு கப்பலோடு பிணைந்தது. துறைமுக ஆணையம், சுங்க இல்லம், கப்பல் முகவர்களின் அலுவலகங்கள், தேயிலை ஏல மையம், கப்பல்காரர்கள் சான்றிதழ் வேலையாக வந்துபோகும் மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் எல்லாம் இங்கேதான். 2011இல் சரக்குப் பெட்டக முனையம் வல்லார்பாடத்துக்குப் போன பிறகு தீவின் சந்தடி குறைந்திருக்கலாம். தீவிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரியிலும், கடலையும் கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் குறையவில்லை.

2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் என்றும், அந்த ஆண்டு அவர்கள் அனுப்பிய பணம் சுமார் 2.16 லட்சம் கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. இந்தப் பணத்தின் கணிசமான பகுதி வங்கிக்கணக்கிலும் வைப்புநிதியிலும் நிலப்பத்திரத்திலும் போய் உட்காருகிறது. அப்படி உட்காரும்போது யார் பெயரில் உட்காருகிறது, அதில் விளையும் வருமானத்துக்கு யார் கணக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. தம்பதியில் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் எளிதல்ல. தெரியாமல் தவறு செய்யும் குடும்பங்களே அதிகம். அந்தத் தவறின் சுமை பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் தலையில் விழுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. நாம் பேசப்போகும் கொள்கைகள் மாறவில்லை. ஆடிட்டர்களின் வாயில் இன்னும் பழைய எண்களே புழங்குவதால் நானும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

யார் வெளிநாட்டவர்?

திருமணத்துக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை. கணவரின் வசிப்புநிலை வேறு, மனைவியின் வசிப்புநிலை வேறு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவர் வரிக்கணக்கில் இந்திய வசிப்பாளர். அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் வசிப்பாளரே. வேலைக்காக நாட்டைவிட்டுப் போகும் இந்தியக் குடிமகனுக்கும், வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு ஊருக்கு வந்துபோகிறவருக்கும் அந்த 60 நாள் 182 ஆகத் தளர்கிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. கணவர் ஆகஸ்டில் வேலை கிடைத்துத் துபாய் போகிறார். மனைவி குடும்ப விசாவில் அதே விமானத்தில் போகிறார். வேலைக்காகப் போகிறவர் என்பதால் கணவருக்கு 182 நாள் வரம்பு. மனைவி வேலைக்காகப் போகவில்லை. ஆகவே அவருக்குப் பழைய 60 நாள் வரம்பே. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை அவர் 60 நாளுக்கு மேல் கொச்சியில் இருந்துவிட்டார். ஒரே வீட்டில், ஒரே நாளில் புறப்பட்ட இருவரில் கணவர் அந்த ஆண்டுக்கு வெளிநாட்டவர், மனைவி உள்நாட்டவர். போதாக்குறைக்கு, வங்கிக்கணக்கின் வகையை முடிவுசெய்யும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நாட்கணக்கைவிட நோக்கத்தை முக்கியமாகப் பார்க்கிறது. எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் வெளியே தங்கப் போனவரை அது உடனே வெளிநாட்டில் வசிப்பவராக ஏற்கும். ஒரே பெண்மணி வங்கிக்கு ஒரு நிலையிலும் வரித்துறைக்கு வேறு நிலையிலும் இருக்கலாம்.

கப்பல்காரருக்கு வேறு கணக்கு. எந்த நாட்டிலும் குடியேறாமல் கடலில் இருப்பவரின் நாட்களை எண்ண, 2015இல் 126ஆம் விதி வந்தது. இந்தியத் துறைமுகத்திலிருந்து வெளிநாட்டுக்கோ அங்கிருந்து இங்கேயோ போகும் பயணத்தில், சி.டி.சி. என்ற கப்பல்காரரின் பணிப்பதிவுப் புத்தகத்தில் கப்பலேறிய நாளாகப் பதிவானதிலிருந்து இறங்கிய நாள் வரை இந்தியாவில் இருந்த நாட்களில் சேராது. கப்பல் நம் கடலெல்லைக்குள் நின்றாலும் அப்படியே. ஆகவே சி.டி.சி.யின் அந்தப் பக்கங்கள் வேலைச்சான்று மட்டுமல்ல, வரிச்சான்றும்கூட. கப்பலிலிருந்து இறங்கிய 'சைன் ஆஃப்' தேதி ஒரு வாரம் முன்னுக்கு வந்தாலும் ஓராண்டின் வரிநிலையே புரண்டுபோகலாம். நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளாத குடும்பம், ஐந்தாறு ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது தவிக்கிறது.

இன்னொரு பழைய பயத்தை 2017 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியம் தீர்த்துவைத்தது. சம்பளம் இந்திய வங்கிக்கு நேராக வந்தால் அது இந்தியாவில் பெற்ற வருமானம் ஆகிவிடுமே என்பது கப்பல்காரர்களின் கவலை. வெளிநாடு செல்லும் கப்பலில், இந்தியாவுக்கு வெளியே செய்த வேலைக்கான சம்பளம், வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கில் வரவானது என்பதற்காக மட்டும் வசிப்பாளர் அல்லாதவருக்கு வரி வராது என்று வாரியத்தின் 13ஆம் எண் சுற்றறிக்கை சொன்னது. 'வசிப்பாளர் அல்லாதவருக்கு' என்ற நிபந்தனையை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது வேலை செய்யப்போகிறது.

2020 பட்ஜெட்டில் இந்த எல்லைகள் எல்லாம் அசைந்தன. வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன் இந்திய வசிப்பாளராகவே கருதப்படுவார் என்ற விதி நிதி மசோதாவில் வந்ததும், தனிநபர் வருமான வரியே இல்லாத வளைகுடாவை நம்பியிருக்கும் கேரளம் பதறியது. முதல்வர் பினராயி விஜயன் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வெளிநாட்டில் உண்மையாக உழைப்பவரின் சம்பளத்துக்கு வரி போடும் நோக்கமில்லை என்று வாரியமும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனும் விளக்கினார்கள். மார்ச்சில் நிறைவேறிய வடிவத்தில் ஒரு வரம்பு சேர்ந்தது. வெளிநாட்டு வருமானம் தவிர்த்த மொத்த வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அந்த விதி பொருந்தும். அப்படித் தாண்டியவருக்கு வந்துபோகும் நாள் வரம்பும் 182இலிருந்து 120 ஆகக் குறையும். தாண்டியவர்களும் 'சாதாரண வசிப்பாளர் அல்லாதவர்' என்ற இடைநிலையில்தான் வைக்கப்படுவார்கள். வெளிநாட்டில் விளைந்து வெளிநாட்டிலேயே பெற்ற சம்பளம் அவர்களுக்கும் வரிக்கு வராது. ஊர் அமைதியானது. 15 லட்சம் எங்கே, நாம் எங்கே என்று பலர் அந்த வரம்பை மறந்தும் போனார்கள். அந்த 15 லட்சத்துக்குள் யார் யாருடைய வருமானம் சேரும் என்பதை அப்போது அதிகம் பேர் கேட்கவில்லை.

இரண்டு பேர், ஆனால் பணம் கைமாறும்வரை

அமெரிக்காவில் 1948 முதல் கணவன் மனைவி சேர்ந்து ஒரே கணக்குத் தாக்கல் செய்து, வருமானத்தை இருவருக்கும் பங்கிட்டதுபோல வரி கட்டலாம். பிரிட்டனில் நேர்மாறாக, மனைவியின் வருமானம் கணவனுடையதாகவே கருதப்பட்டு, 1990 ஏப்ரலில்தான் இருவரும் தனித்தனி வரிதாரர் ஆனார்கள். இந்தியாவில் கூட்டுத் தாக்கல் இல்லை. கணவனுக்கு ஒரு பான், மனைவிக்கு ஒரு பான். அவரவர் ரிட்டன் அவரவர்க்கு. இந்தத் தனித்தன்மை பெண்ணுக்கு மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் சட்டம் ஓரிடத்தில் அந்த மரியாதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. வருமானத்தை மனைவி பெயருக்கு மாற்றி வரியைக் குறைக்கிறார்கள் என்று 1936இல் ஒரு விசாரணை அறிக்கை சொல்ல, 1937இல் அன்றைய சட்டத்தில் 16(3) பிரிவு சேர்க்கப்பட்டது. அதைத்தான் 1961 சட்டத்தின் 64ஆம் பிரிவு தொடர்ந்தது. மனைவி என்ற இடத்தில் இருபாலருக்கும் பொதுவான சொல் வந்தது, அவ்வளவுதான். போதிய பிரதிபலன் இல்லாமல் ஒருவர் தன் வாழ்க்கைத்துணைக்குக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானம், கொடுத்தவருடைய வருமானத்தோடு சேரும். ஆடிட்டர்கள் இதைக் கிளப்பிங் என்பார்கள். இது சமத்துவத்துக்கு விரோதம் என்ற வாதத்தை 1961இல் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. வரி ஏய்ப்பைத் தடுக்க நாடாளுமன்றம் இப்படிச் செய்யலாம் என்றது.

எல்லை எங்கே என்று காட்டிய வழக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தது. தேயிலைத் தரகுக்குப் பெயர்போன கல்கத்தாவின் ஜே. தாமஸ் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த ஒருவர், மணந்துகொள்ளவிருந்த பெண்ணுக்குத் திருமணத்துக்குச் சில நாள் முன்பு பங்குகளைக் கொடுத்தார். கொடுத்த நாளில் அவர்கள் கணவன் மனைவி அல்ல. ஆகவே பின்னால் வந்த ஈவுத்தொகையைக் கணவரோடு சேர்க்க முடியாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொடுக்கும்போதும் வருமானம் வரும்போதும் திருமண உறவு இருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் மோகினி தாப்பர் வழக்கில் இன்னொரு கதவு மூடியது. கணவன் கொடுத்தது ரொக்கம்தான், மனைவி அதைப் பங்காகவும் வைப்பாகவும் மாற்றிக்கொண்டார் என்றாலும், அந்தப் பங்கின், வைப்பின் வருமானம் கணவனுடையதே. வளைகுடாவிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது. அனுப்புவது பணம்; எஃப்.டி. போடுவது மனைவி.

64ஆம் பிரிவில் ஒரு விலக்கு, படிக்கும்போது நம்மவர்களுக்கு நம்பிக்கை தரும். 'பிரிந்து வாழும் உடன்பாட்டின்' பேரில் கொடுத்த சொத்துக்குக் கிளப்பிங் கிடையாது. கணவர் கப்பலில், மனைவி தீவில். பிரிந்துதானே வாழ்கிறார்கள் என்று தோன்றும். சட்டம் சொல்லும் பிரிவு மணமுறிவை ஒட்டிய பிரிவு. பிழைப்புக்காகப் பத்து மாதம் பிரிந்திருப்பதை அது பிரிவாகக் கணக்கெடுக்காது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: "வீட்டுக்காரர் அனுப்பின காசுக்கு டாக்ஸ் கிடையாது." முதல் பாதி சரி. கணவனிடமிருந்து பெறும் பணம் எவ்வளவானாலும் உறவினரிடமிருந்து பெற்ற அன்பளிப்பு. பெற்றவருக்கு வரி இல்லை. அந்தப் பணம் ஈட்டும் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அது கணவனின் இந்திய வருமானம்.

ஒரு வைப்புநிதியைப் பின்தொடர்ந்தால்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டுக் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருப்பவர் பல ஆண்டுகளாக அனுப்பிய பணத்தில் மனைவி தன் பெயரில் 80 லட்சம் ரூபாய்க்கு வைப்புநிதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். 7 சதவீதத்தில் ஆண்டு வட்டி 5,60,000. மனைவிக்கு வேறு வருமானமில்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரித்திட்டத்தில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி கிடைப்பதால் தனக்கு வரியே இல்லை என்று அவர் நினைக்கிறார். வங்கி டி.டி.எஸ். பிடிக்காமலிருக்க 15ஜி படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

அந்தப் படிவத்தின் உறுதிமொழியைப் படித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இதில் சொல்லியிருக்கும் வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறெவருடைய மொத்த வருமானத்திலும் சேரக்கூடியது அல்ல என்று அதில் எழுதியிருக்கிறது. கணவர் பணத்தில் போட்ட வைப்புக்கு இந்த உறுதிமொழி பொய். பொய்யென்று தெரியாமலே ஏப்ரல்தோறும் வங்கிகளில் கையெழுத்து விழுகிறது. அந்தத் தாளை எடுத்து நீட்டி, கோடு போட்ட இடத்தைக் காட்டி, "இங்கே ஒப்பிடுங்க சேச்சி" என்று சொல்வதோடு வங்கியின் வேலை முடிந்துவிடுகிறது. மலையாளத்திலோ தமிழிலோ அந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதற்கு இரண்டு நிமிடம் போதும். இதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை.

அந்த 5,60,000 கணவரிடம் போனால் என்ன ஆகும்? அவர் வசிப்பாளர் அல்லாதவர். 87ஏ தள்ளுபடி வசிப்பாளருக்கு மட்டும். அவருக்கு இந்தியாவில் வேறு வருமானம் எதுவும் இல்லையென்றால், 4 லட்சத்துக்கு மேற்பட்ட 1,60,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதன்மேல் 4 சதவீத மேல்வரி. மொத்தம் 8,320 ரூபாய். பெரிய தொகையல்ல. ஆனால் அவருக்கு வாடகையும் மற்றதுமாக 10 லட்சம் இந்திய வருமானம் ஏற்கெனவே இருந்தால், வட்டி சேர்ந்து 15,60,000 ஆகிறது. கூடுதல் வரி 76,960 ரூபாய்.

இந்தப் பணத்தைவிடப் பெரிய விஷயம், அவர் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டார் என்பது. மனைவியின் பாஸ்புக்கில் விழுந்த வட்டி கணவரின் வசிப்புநிலையையே மாற்றுகிறது. எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத கப்பல்காரர் இப்போது இந்தியாவின் கருதப்பட்ட வசிப்பாளர். இடைநிலைதானே, வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வரி இல்லையே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த இடைநிலையில் இருப்பவருக்கும், இந்தியாவில் பெற்ற வருமானம் வரிக்கு உட்பட்டது. சம்பளம் நேராகக் கொச்சியிலுள்ள என்.ஆர்.இ. கணக்குக்கு வருகிறது. 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் காப்பு வசிப்பாளர் அல்லாதவருக்கு மட்டும். கருதப்பட்ட வசிப்பாளரை அது காப்பாற்றும் என்று அதன் சொற்களில் இல்லை. 80 லட்ச வைப்பின் வட்டியால் முழுச் சம்பளமும் விவாதத்துக்கு உள்ளாகிறது. தீவின் கப்பல்காரக் குடும்பங்களில் இதைப் புரிந்துவைத்திருப்பவர்கள் முதலில் சம்பளத்தை வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிப் பிறகு அனுப்புகிறார்கள். எல்லா நிறுவனமும் அந்த வசதியைத் தருவதில்லை.

ஏற்கெனவே இப்படி வைப்பு வைத்துவிட்டவர்கள் செய்யக்கூடியவை உண்டு. வட்டியைக் கணவரின் ரிட்டனில் காட்டலாம். மனைவியின் பானில் பிடித்த டி.டி.எஸ்.ஸைக் கணவர் பெயருக்கு மாற்றும்படி 37பிஏ விதியின்கீழ் வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கணவர் கொடுத்த முதலின் வட்டி கணவருடையது. அந்த வட்டியை எடுத்து மீண்டும் வைத்தால், அதன்மேல் வரும் வட்டி மனைவியின் சொந்த வருமானம். ஆகவே வட்டியை அசலோடு குட்டிபோட விடாமல் தனி வைப்பாக வைத்து வந்தால், பத்துப் பதினைந்து ஆண்டில் மனைவிக்கென்று ஒரு தனி முதல் சேர்ந்துவிடும். வீட்டுச்செலவுப் பணத்தில் அவர் மிச்சம்பிடித்துச் சேர்த்ததை அவருடைய சொந்தப் பணமாகவே ஏற்ற பழைய தீர்ப்புகளும் இருக்கின்றன. எழுத்துக் கணக்கு இருந்தால்தான் இவை எல்லாம் நிற்கும்.

மிகச் சுலபமான வழி வேறு. பணம் கணவரின் என்.ஆர்.இ. வைப்பிலேயே இருந்தால் வட்டிக்கு இந்தியாவில் வரியே இல்லை. 15 லட்சக் கணக்கிலும் அது சேராது. 2011 முதல் ரிசர்வ் வங்கி அந்தக் கணக்கில் இந்தியாவிலுள்ள நெருங்கிய உறவினரையும் சேர்க்க விடுகிறது. ஆடிட்டர்கள் எல்லோரும் இதையே சொல்வார்கள். வரிக்கணக்காக மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் கூட்டுக் கணக்கு 'முதல்வர் அல்லது பிழைத்திருப்பவர்' என்ற முறையில் மட்டும் நடக்கும். கணவர் உயிரோடு இருக்கும்வரை மனைவி அதிகாரப் பத்திரத்தின் பேரில் அவருக்காகக் காசோலை எழுதலாம். கணக்கு அவருடையது ஆவது கணவர் இறந்த பிறகு. இருபது ஆண்டு வீட்டை நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, வீடு கட்டும்போது மேஸ்திரியோடு மல்லுக்கட்டிய பெண்ணுக்கு அந்தப் பணத்தில் வாழ்நாளில் பெயரில்லை. பெயர் வேண்டுமென்றால் வரி. வரி வேண்டாமென்றால் பெயரில்லை. நான் இந்தச் சட்டத்தோடு முரண்படுவது இந்த இடத்தில்தான்.

மனைவி அங்கே, கணவர் இங்கே

இதுவரை கணவரை வெளிநாட்டில் வைத்தே பேசினேன். நிலைமை மாறி வருகிறது. மேலே சொன்ன ஆய்வின்படி புலம்பெயர்ந்தவர்களில் பெண்களின் பங்கு 2018இல் 15.8 சதவீதமாக இருந்தது, 2023இல் 19.1 ஆகியிருக்கிறது. செவிலியராக பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போகும் பெண்கள், ஊரில் பிள்ளைகளோடு கணவர் என்ற குடும்பம் இன்று எர்ணாகுளம் மாவட்டத்தில் புதுமையல்ல. சட்டம் இருபாலருக்கும் ஒன்றே. மனைவி அனுப்பிய பணத்தில் கணவர் போட்ட வைப்பின் வட்டி மனைவியுடையது.

இங்கே இரண்டாவது நாடு உள்ளே வருகிறது. பிரிட்டன் தன் வசிப்பாளரின் உலக வருமானம் முழுவதையும் கேட்கும். 2025 ஏப்ரல் 6 முதல், அதற்கு முந்தைய பத்து ஆண்டு அங்கே வசிக்காமல் புதிதாக வந்தவர் கோரினால் முதல் நான்கு ஆண்டுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்குப் பெறலாம். அதன்பிறகு இந்திய வட்டியும் கணக்கில் வரும். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியா தரும் விலக்கைப் பிரிட்டன் ஏற்பதில்லை. இந்தியாவில் வரியில்லாத வட்டி அங்கே வரிக்கு உரிய வட்டி. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் கட்டிய வரியை ஈடுசெய்யத்தான் உதவும். இங்கே கட்டாத வரிக்கு அங்கே ஈடு கேட்க முடியாது.

ஒப்பந்தங்களில் வாழ்க்கைத்துணை இருக்குமிடம் வேறொரு வகையிலும் முக்கியம். ஒருவர் இரண்டு நாட்டிலும் வசிப்பாளர் என்று வந்துவிட்டால், நிரந்தர வீடு எங்கே, வாழ்வின் நெருங்கிய தொடர்புகள் எங்கே என்று பார்த்து ஒரு நாட்டுக்குத் தள்ளுவார்கள். மனைவியும் பிள்ளைகளும் மட்டாஞ்சேரியில் இருப்பது அப்போது இந்தியாவின் பக்கம் எடையாக விழும்.

அமெரிக்காவிலுள்ள கணவருக்கு வேறு தேர்வு. மனைவி அங்கே வசிப்பாளர் அல்ல என்றால் கூட்டுத் தாக்கல் செய்ய முடியாது. அவரை அமெரிக்க வசிப்பாளராகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்டுக் கேட்டால் முடியும். அதற்கு மனைவிக்கு ஒரு வரி எண் வாங்க வேண்டும். வரி விகிதம் இறங்கும்; ஆனால் அமெரிக்க மண்ணையே மிதிக்காத மனைவியின் இந்திய வாடகை, வட்டி, சம்பளம் எல்லாம் அமெரிக்க ரிட்டனுக்குள் வரும். மனைவிக்கு வருமானம் இல்லாத குடும்பத்துக்கு இது லாபம். கொச்சியில் மருத்துவராகவோ பேராசிரியராகவோ இருக்கும் மனைவிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வீட்டிலிருப்பவரின் ரிட்டன்

இங்கேயிருப்பவருக்குச் சொந்த வருமானம் ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் ரிட்டன் தாக்கல் செய்தே ஆகவேண்டிய நிலை ஒன்று உண்டு. துபாயிலோ லண்டனிலோ கணவர் வாங்கிய வீட்டில், தொடங்கிய வங்கிக்கணக்கில், பாசத்தாலோ பாதுகாப்புக்காகவோ மனைவியின் பெயரையும் சேர்த்திருப்பார். இந்தியாவில் சாதாரண வசிப்பாளராக இருப்பவர் வெளிநாட்டில் சொத்து வைத்திருந்தாலோ, வெளிநாட்டுக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றிருந்தாலோ, ரிட்டனில் எஃப்.ஏ. அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப்பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் தண்டம் வரலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்த மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்தத் தண்டம் இல்லை. வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அன்பின் அடையாளமாகப் பத்திரத்தில் ஏறிய பெயர், அது ஏறியதே தெரியாத பெண்ணை இப்படிச் சிக்கவைக்கிறது.

வெளிநாட்டிலிருப்பவரின் ரிட்டன் வேலை கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. அவருக்கு எளிய ஐ.டி.ஆர்.-1 கிடையாது, பெரும்பாலும் ஐ.டி.ஆர்.-2. நாட்டில் இல்லாதபோது அவர் சார்பில் கையெழுத்திட, செல்லத்தக்க அதிகாரப் பத்திரம் பெற்ற மனைவியால் முடியும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். ஆதாரோடு இணைந்த இந்திய சிம் செயலில் இல்லாததால் ஓ.டி.பி. வராமல் போவதுதான் இங்கே வாடிக்கையான சங்கடம். நெட் பேங்கிங் வழியாகவோ, கையெழுத்திட்ட தாளைப் பெங்களூருக்கு அனுப்பியோ முடிக்கலாம். வரித்துறையின் பதிவில் தன் நிலையை 'வசிப்பாளர் அல்லாதவர்' என்று மாற்றாததால், ஆதார் இணைக்கவில்லை என்று 2023இல் பலரின் பான் செயலிழந்தது. மாற்றிக்கொள்வது அவர் பொறுப்பு. கப்பலில் இருப்பவருக்கு நினைவூட்டுவது பெரும்பாலும் வீட்டிலிருப்பவர்தான்.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே. கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டம் கணவன் மனைவிக்குச் சொத்தைப் பொதுவாக்குகிறது. அதை மதித்து வருமான வரிச் சட்டத்தில் 5ஏ பிரிவு இருக்கிறது. சம்பளம் தவிர்த்த வருமானம் எல்லாம், வட்டியும் வாடகையும் உட்பட, சரிபாதியாக இருவர் ரிட்டனிலும் காட்டப்படும். நாட்டின் ஒரு மூலையில் பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது, கஜானா காலியாகிவிடவில்லை.

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அண்மையில் பட்ஜெட்டுக்கு முந்தைய பரிந்துரையாகத் தம்பதியர் விரும்பினால் கூட்டுத் தாக்கல் செய்ய இடம் கேட்டது. ஒரே ஊரில் வாழும் தம்பதிக்கு அது பொருந்தலாம். ஒருவர் வசிப்பாளர், ஒருவர் அல்லாதவர் என்னும்போது எந்த நிலையில் ஒரே ரிட்டன் போடுவது? அமெரிக்க வழியில் போனால் வெளியே இருப்பவரின் உலக வருமானத்தை உள்ளே இழுக்க வேண்டிவரும். வளைகுடாக் குடும்பம் எதுவும் அதற்கு ஒப்பாது. 5ஏ வழியில் அந்தச் சிக்கல் இல்லை. இருவரும் தனித்தனி வரிதாரராகவே இருப்பார்கள். இந்தியாவில் விளையும் வட்டியும் வாடகையும் மட்டும் பங்காகும்.

வெளிநாட்டு வருமானத்தில் சேர்ந்த குடும்பச் சேமிப்புக்கு மட்டுமாவது இந்தத் தேர்வைத் தரலாம். மேலே போட்ட கணக்கில் மனைவி பெயரிலுள்ள 80 லட்சத்தின் வட்டியைப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 2,80,000. மனைவி தன் பங்கைத் தன் ரிட்டனில் காட்டுவார், வரி இல்லை. கணவரின் இந்திய வருமானம் 12,80,000. அதற்குரிய வரியை அவர் கட்டுவார். 15 லட்ச வரம்பு தாண்டப்படாது, சம்பளம் விவாதத்துக்கு வராது, மனைவி பொய் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டிவராது, வைப்புச் சீட்டிலும் அவர் பெயர் இருக்கும். அரசுக்கு இழப்பு, மனைவியின் பாதியான 2,80,000 ரூபாய்க்குக் கணவர் கட்டியிருக்க வேண்டிய வரி.